டார்ட்மண்ட் மஞ்சள் சுவர்ல நின்னு மேட்ச் பாக்குறது நெஜமாவே அவ்ளோ வொர்த்தா?

9 மார்ச் 2024, மாலை 6.15 (கேள்வி)

மே முதல் வாரம் ஜெர்மனில இருப்பேன். டார்ட்மண்ட் ஃபுட்பால் ஸ்டேடியத்தோட தெற்கு ஸ்டாண்டுல, அதான் ரசிகருங்க மஞ்சள் போட்டு நிக்கிற அந்த மஞ்சள் சுவர்ல, ஒரு தடவையாவது நின்னு மேட்ச் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. கூட வர்றவன் "எல்லாம் வீடியோ போட்டு ஏத்திவிட்ட பில்டப்பு, அந்தக் காசுக்கு டிவி முன்னாடி உக்காந்தா மேட்சாவது ஒழுங்கா தெரியும்"னு சொல்றான். போனவங்க யாராவது இருக்கீங்களா?

9 மார்ச், இரவு 10.40

போயிருக்கேன். பில்டப்பு எல்லாம் இல்ல. ஆனா உங்க ஃப்ரெண்டு சொல்றதுல பாதி உண்மை, மேட்ச் பாக்கணும்னா தெற்கு ஸ்டாண்டுக்குப் போகாதீங்க. நான் 2023 மே 27 அன்னிக்கு அங்க நின்னேன். ஆமா, அதே மைன்ஸ் மேட்ச்தான். தெரிஞ்சவங்க சிரிக்காதீங்க. தூக்கம் வருது, நாளைக்கு எழுதுறேன்.

10 மார்ச், காலை 11.20

ஆபீஸ் வேலையா மூணு வாரம் டார்ட்மண்ட்ல போட்டிருந்தாங்க. எனக்கு ஃபுட்பால்னா உலகக்கோப்பை வந்தா பாக்குற அளவுதான், லீக் எல்லாம் ஃபாலோ பண்ற ஆள் கிடையாது. மே 20 சனிக்கிழமை பேயர்ன் மியூனிக் சொந்த ஊர்லயே லைப்ஸிக்கிட்ட தோத்துச்சு, ஞாயித்துக்கிழமை டார்ட்மண்ட் ஆக்ஸ்பர்க்ல போய் ஜெயிச்சுது, திங்கக்கிழமை ஆபீஸ் போனா ஒருத்தர் வேலை பாக்கல. ஒரு மேட்ச்தான் பாக்கி. டார்ட்மண்ட் 70 பாயிண்ட், பேயர்ன் 68. பேயர்ன் தொடர்ந்து 10 வருஷமா சாம்பியன், டார்ட்மண்ட் கடைசியா லீக் ஜெயிச்சது 2012ல. சொந்த மைதானத்துல மைன்ஸ ஜெயிச்சா போதும், வேற கணக்கே பாக்க வேண்டாம்.

டிக்கெட்டுக்கு வாய்ப்பே இல்ல. எனக்கு எப்படி கிடைச்சுதுனா, பக்கத்து டெஸ்க் கலீக்கோட அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி கால தூக்கி வெச்சு படுத்திருந்தாரு. 63 வயசு. 1974ல அந்த ஸ்டேடியம் திறந்தப்போ 14 வயசுப் பையன், அப்பத்துலேந்து தெற்கு ஸ்டாண்டு. சீசன் கார்டு இருக்கு, போக முடியல. எனக்கு ஏன் குடுத்தாருன்னு கேட்டா சிரிப்பீங்க: சொந்தக்காரங்கள்ல யாருக்குக் குடுத்தாலும் மிச்சப்பேரு ஆயுசுக்கும் பேசமாட்டாங்களாம், அதனால யாருக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு ஆளா பாத்துக் குடுத்துட்டாரு.

கார்டு கூட ஒரு கம்பளி ஸ்கார்ஃபும், மகன் வாயிலா மூணு கண்டிஷனும் வந்துச்சு. ஸ்கார்ஃப கழட்டக் கூடாது. அவர் நிக்கிற இடத்துலதான் நிக்கணும், ஒரு படி தள்ளிக்கூட நிக்கக் கூடாது. ஃபோன் பாக்கெட்டுலயே இருக்கணும்.

கிளம்பி லாட்ஜ் வாசல்ல வந்து நிக்கிறேன், கலீக் என்ன பாத்துட்டு முகம் வெளிறிப் போச்சு. நான் போட்டிருந்த ஜாக்கெட் நல்ல பளிச்சுனு நீலம். நீலம்னா ஷால்க. பக்கத்து ஊரு பரம எதிரி. பேரக்கூட வாயால சொல்லமாட்டாங்க, "ஹெர்ன வெஸ்ட்"னு பக்கத்துல இருக்குற வேற ஊரு பேர சொல்லிக் குத்திக்காட்டுவாங்க, ஷால்ககாரங்களும் சும்மா இல்ல, டார்ட்மண்டுக்கு "லூடன்ஷைட் நார்ட்"னு பேரு வெச்சிருக்காங்க. ஜாக்கெட்ட ரூம்ல கழட்டிப் போட்டுட்டு வெறும் டீஷர்ட், மேல கம்பளி ஸ்கார்ஃப், மே மாசக் கடைசி வெயில். ஸ்கார்ஃப்ல சிகரெட் வாசனையும் பழைய பீரோ வாசனையும் சேந்து வந்துச்சு.

10 மார்ச், பகல் 12.05

முக்கியமானத விட்டுட்டேன். மொத்த ஸ்டேடியம் 81,365 பேர், அதுல தெற்கு ஸ்டாண்டு மட்டும் 24,454. உக்கார சீட்டே கிடையாது, எல்லாரும் நின்னுதான். மாடிப்படி மாதிரி செங்குத்தா ஏறும். நடுநடுவுல இரும்புக் கம்பி தடுப்பு இருக்கும், அதுக்கு அவங்க பாஷைல "அலைய உடைக்கிறது"ன்னு பேரு. கோல் விழுந்தா மேல இருந்து கூட்டம் அலை மாதிரி சரியும், அத தாங்குறதுக்கு. பெரியவரோட இடம் அப்படி ஒரு கம்பிக்குப் பின்னாடி. கம்பி முழுக்க பெயின்ட் இருக்கு, ரெண்டு எடத்துல மட்டும் ஒரு ஜாண் அகலத்துக்குத் தேஞ்சு இரும்பு பளபளன்னு தெரியுது. அங்க கைய வெச்சுப் பாத்தேன், ரெண்டு கையும் சரியா உக்காந்துச்சு. அப்பவே ஒரு மாதிரி ஆயிருச்சு எனக்கு.

11 மார்ச், இரவு 9.30

நேத்து ஒருத்தர் "ஒரு டூரிஸ்ட் போய் உண்மையான ரசிகன் இடத்த அடைச்சுக்கிட்டா அது நியாயமா"னு கேட்டிருந்தாரு. அத கடைசில பேசுறேன், எனக்கே அதுல ஒரு குடைச்சல் இருக்கு. முதல்ல மேட்சு.

மதியம் 3.30க்கு ஆரம்பம், கடைசி ரவுண்டுல எல்லா ஊர் மேட்சும் ஒரே நேரத்துல நடத்துவாங்க. நாங்க ரெண்டு மணிக்கு முன்னாடியே உள்ள. பக்கத்துல நரைச்ச முடியோட ஒரு அம்மா, அறுபதுக்கு மேல இருக்கும். என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க, ஸ்கார்ஃப பாத்தாங்க, "அவரு எங்க"ன்னு கேட்டாங்க. முட்டியத் தொட்டுக் காமிச்சேன். புரிஞ்சுக்கிட்டு தலைய ஆட்டுனாங்க. அப்புறம் நான் ஃபோன எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பிச்சேன் (கண்டிஷன் ஞாபகம் இருந்துச்சு, இருந்தும் எடுத்தேன்), அந்தம்மா ஒண்ணும் பேசல, ஃபோன் மேல கைய வெச்சு மெதுவா கீழ எறக்கிவிட்டாங்க, குழந்தை கைல இருந்து கத்திய வாங்குற மாதிரி. அதோட சரி. எங்கிட்ட இருக்குறது 11 செகண்ட் வீடியோ, அதுல கடைசி 4 செகண்ட் அவங்க உள்ளங்கை.

ஸ்டேடியத்துல மைக் புடிக்கிறவரு நோர்பர்ட் டிக்கல். 1989 ஜெர்மன் கப் ஃபைனல்ல முட்டி போன நிலைமைல இறங்கி ரெண்டு கோல் அடிச்சவரு, அதுக்கப்புறம் அவரால சரியா ஆடவே முடியல. அவர் ஒவ்வொரு ஆட்டக்காரனோட முதல் பேர மட்டும் சொல்லுவாரு, பின் பேர 80,000 பேரு கத்தணும். எனக்கு ஒருத்தர் பேரும் தெரியாது, வாய மட்டும் அசைச்சேன், ஸ்கூல் பிரேயர்ல பாட்டு தெரியாதவன் மாதிரி. அப்புறம் லிவர்பூல்காரங்க பாடுற அதே "யூ வில் நெவர் வாக் அலோன்" பாட்டு, எல்லாரும் ஸ்கார்ஃப ரெண்டு கையாலயும் தலைக்கு மேல விரிச்சுப் புடிச்சு. அது எனக்குத் தெரியும், பாடுனேன்.

இதுவரைக்கும் சொர்க்கம். 15வது நிமிஷம் மைன்ஸ் ஒண்ணு. 19வது நிமிஷம் டார்ட்மண்டுக்குப் பெனால்டி, அடிச்சது செபாஸ்டியன் ஹாலர், கேன்சருக்கு ட்ரீட்மென்ட் முடிச்சுட்டு அந்த ஜனவரிலதான் திரும்ப ஆட வந்தவரு, கதைன்னா இப்படித்தான் எழுதணும்னு எல்லாரும் நெனச்சிருப்போம். மைன்ஸ் கோல்கீப்பர் தடுத்துட்டாரு. நான் பாத்தது முன்னாடி நின்னவரோட பின்மண்டை, காதுல கேட்டது 24,000 பேரு மூச்ச உள்ள இழுக்குற சத்தம். 24வது நிமிஷம் மைன்ஸ் இன்னொண்ணு. 0-2. அந்தப் பக்கம் கொலோன்ல பேயர்ன் 8வது நிமிஷத்துலயே கோல் போட்டாச்சு.

ஆனா பாட்டு நிக்கல. எனக்குப் புரியாதது அதான். கீழ வேலி மேல ஏறி மெகாஃபோனோட நிக்கிற பையன் மேட்சுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறான், 90 நிமிஷமும் ஒரு பந்தக்கூட அவன் பாக்கல, அவன் கைய தூக்குனா இவங்க பாடுறாங்க.

13 மார்ச், இரவு 11.50

இப்பத்தான் சாம்பியன்ஸ் லீக்ல, அதான் ஐரோப்பா க்ளப்புகளோட போட்டில, டார்ட்மண்ட் பிஎஸ்விய 2-0 ஜெயிச்சாங்க, குவார்ட்டர் ஃபைனல் போயாச்சு. அதனால நல்ல மூடுல மிச்சத்த எழுதுறேன்.

ரெண்டாவது பாதி. 69வது நிமிஷம் கெரேய்ரோ ஒண்ணு போட்டாரு, 1-2. பீர் மழை. நெஜமாவே மழை, கைல இருக்குற கப்ப அப்படியே மேல வீசிருவாங்க, எனக்குக் கண்ணெல்லாம் எரிஞ்சுது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. திடீர்னு நாலஞ்சு படி மேல ஒரு சத்தம். கிரவுண்டுல ஒண்ணுமே நடக்கல, பந்து எங்கயோ ஓரமா கிடக்கு. சத்தம் மேல இருந்து கீழ பரவுது, அந்தம்மா என் தலைய ரெண்டு கையாலயும் புடிச்சு நெத்தில முத்தம் குடுத்துட்டாங்க. நமக்கு ஒண்ணும் புரியல, நாமதான தோத்துக்கிட்டு இருக்கோம்? பின்னாடி காதுல ரேடியோ வெச்சிருந்தவரு ஒரு விரல் இங்க, ஒரு விரல் அங்கன்னு காட்டுறாரு. கொலோன் 1, பேயர்ன் 1. 81வது நிமிஷம்.

கணக்கு போட்டுப் பாருங்க. பேயர்ன் டிரா பண்ணா 69. டார்ட்மண்ட் தோத்தாலும் 70. தோத்துக்கிட்டே சாம்பியன்! பக்கத்துல ஒரு பெரிய தாடிக்காரரு கம்பியப் புடிச்சுக்கிட்டு குழந்தை மாதிரி அழுதாரு. எட்டு நிமிஷம்.

89ல முசியாலா. பேயர்ன் 2-1. இந்தத் தடவ சத்தம் இல்ல, மேல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு படியா ஃப்யூஸ் போன மாதிரி அமைதி எறங்கி வந்துச்சு. ஒரே ஸ்டாண்டு, ஒரே ரேடியோ. நான் அந்தம்மா முகத்த மட்டும் பாக்கல, பாக்கக் கூடாதுன்னு தோணுச்சு.

90+6ல ஸூலே போட்டு 2-2. இன்னொண்ணு போதும், நேரம் இல்ல. விசில். ரெண்டு டீமும் 71 பாயிண்ட், கோல் வித்தியாசத்துல பேயர்ன் 54, டார்ட்மண்ட் 39. பேயர்னுக்கு 11வது வருஷம்.

அப்போ கோச்சா இருந்த எடின் டெர்ஸிச் சின்ன வயசுலேந்து இந்த டீம் வெறியன். அவரு தனியா ஸ்டாண்டு முன்னாடி வந்து நின்னு அழுறாரு, இவங்க அவருக்காகப் பாடுறாங்க. ஜெயிச்சிருந்தா இந்த அளவுக்கு எனக்குள்ள போயிருக்குமான்னு தெரியல. அந்தம்மா கிளம்புறப்போ ஸ்கார்ஃப மடிச்சு பைல வெச்சுக்கிட்டு என் தோள்ல தட்டி ஒரே வார்த்தை சொன்னாங்க: "ஆகஸ்ட்ல." அடுத்த சீசன் ஆகஸ்ட்ல ஆரம்பம்.

14 மார்ச், காலை 8.10

மேல ஒருத்தர் சாம்பியன்ஸ் லீக் மேட்சுன்னா தெற்கு ஸ்டாண்டுல சீட்டு மாட்டிருவாங்கன்னு எழுதினதுக்கு நானும் ஆமான்னு சொல்லி வெச்சேன். தப்பு, வாபஸ். முன்ன அப்படித்தான், சீட்டு போட்டா கூட்டம் 66,000 சுத்திதான் வரும். 2022லேந்து யூஇஎஃப்ஏ (சாம்பியன்ஸ் லீக் நடத்துறவங்க) ஜெர்மனில நின்னு பாக்கறதுக்கு விட்டாங்க, இப்போ அதுக்கும் 81,365தான்.

17 மார்ச், மாலை 5.00

அந்த டூரிஸ்ட் கேள்விக்கு வர்றேன்.

மேட்ச் முடிஞ்ச மறுநாள் ஞாயித்துக்கிழமை கார்டையும் ஸ்கார்ஃபையும் திருப்பிக் குடுக்கப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே நெனப்புதான். 49 வருஷமா அந்தக் கம்பிக்குப் பின்னாடி அந்த மனுஷன் நின்னாரு, ஒரே ஒரு நாள் நான் நின்னேன், அன்னிக்கு இப்படி ஆயிருச்சு. நாம ராசி பாக்குற ஆளு இல்லன்னு வெளிய சொல்லிக்கலாம், உள்ளுக்குள்ள கொஞ்சம் ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. கல்யாணத்துக்குப் போன இடத்துல பந்தக்கால் சாஞ்சா, போனவன் மூஞ்சியத்தான பாப்பாங்க. இதுல நான் ஃபோன வேற வெளிய எடுத்திருக்கேன்.

கதவத் தொறந்தவங்க அவரு சம்சாரம். அவரு சோபால, கால் தலகாணி மேல. முதல் கேள்வி, "எங்க நின்ன?" சொன்னேன். "பாடுனியா?" ஒரு பாட்டு மட்டும் பாடுனேன்னேன். "ஃபோன்?" பொய் சொல்ல வரல, 11 செகண்டுன்னு ஒத்துக்கிட்டேன். மகன்கிட்ட ஜெர்மன்ல என்னமோ நீளமா சொன்னாரு, மகன் சிரிச்சுக்கிட்டே "ஒரு கோலுக்கு அஞ்சரை செகண்டுன்னு வெச்சுக்கலாம்னு சொல்றாரு"ன்னான். மைன்ஸ் போட்ட ரெண்டு கோலுக்கும் நான்தான் காரணம்னு அர்த்தம். ஜோக்குதான். ஜோக்குதான்னு நெனைக்கிறேன்.

காபி குடிச்சப்புறம் வேற ஒண்ணு சொன்னாரு, எனக்கு மேட்ச விட இதான் மனசுல நிக்குது. 2001ல இதே மாதிரி கடைசி நாள், ஷால்க அவங்க மேட்ச 5-3 ஜெயிச்சுட்டாங்க, ஹாம்பர்க்ல பேயர்ன் தோத்துக்கிட்டு இருக்குன்னு சேதி வருது, சாம்பியன்னு நெனச்சு ஜனம் கிரவுண்டுக்குள்ள இறங்கிருச்சு. நாலு நிமிஷம். ஹாம்பர்க்ல 94வது நிமிஷத்துல பேயர்ன் சமன் பண்ணி கோப்பைய தூக்கிருச்சு. கோப்பைகூட இல்ல, அங்க சாம்பியனுக்குக் குடுக்குறது ஒரு பெரிய தட்டு. அன்னியிலேந்து டார்ட்மண்ட்காரங்க 22 வருஷம் அத சொல்லிச் சொல்லி ஓட்டிருக்காங்க. 2007ல ஷால்க திரும்பவும் சாம்பியன் ஆக வேண்டிய நேரத்துல டார்ட்மண்ட் இதே ஸ்டேடியத்துல அவங்கள 2-0 அடிச்சு கெடுத்து விட்டுச்சு, அடுத்த வாரம் ஷால்க ஊரு மேல "ஆயுசுக்கும் கைல தட்டு இல்ல"ன்னு பேனர் கட்டி ப்ளேன் விட்டாங்க. அந்தக் குசும்புல பெரியவருக்கும் பங்கு உண்டு, ப்ளேனுக்குக் காசு போட்டேன்னு அவரே சொன்னாரு.

"அவங்களுக்கு நாலு நிமிஷம். எங்களுக்கு எட்டு. நேத்து ராத்திரி தூக்கம் வராம கெடந்தப்போ அந்த நீலக்காரங்கள நெனச்சேன்"ன்னாரு. அப்புறம் வெரல உதட்டுல வெச்சு, இத நான் சொன்னேன்னு ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. இத்தனைக்கும் நேத்து அதே நாள்தான் ஷால்க லைப்ஸிக்ல தோத்து ரெண்டாவது டிவிஷனுக்கு எறங்கிருச்சு. எந்த வருஷமா இருந்தாலும் தெரு தெருவா கொண்டாடியிருப்பாங்க, அன்னிக்கு ஒருத்தர் வாயத் தொறக்கல.

டூரிஸ்ட் போறது நியாயமான்னு கேட்டவருக்கு: தெரியல பாஸ். அந்தக் கம்பில தேஞ்ச இடத்துல என் கை இருந்துச்சு, அத நெனச்சா இன்னமும் கூச்சமாத்தான் இருக்கு. திரும்பக் கார்டு குடுத்தா போவேனான்னா, போவேன்.

18 மார்ச், காலை 7.45

"நேத்து அதே நாள்"ன்னு எழுதிருக்கேன், அந்த ஞாயித்துக்கிழமைலேந்து பாத்தா நேத்துன்னு படிச்சுக்கோங்க. எழுதுறப்போ அந்த சோபாலயே உக்காந்திருந்தேன் போல.

2 ஏப்ரல், இரவு 8.20

கேள்வி கேட்டவருக்கு நான் இன்னும் உருப்படியா ஒண்ணும் சொல்லலன்னு ஞாபகப்படுத்துனாங்க. சரி.

மே 4 ஆக்ஸ்பர்க்கோட மேட்ச் டார்ட்மண்ட்லயே இருக்கு. க்ளப்போட சொந்த சைட்ல மட்டும் பாருங்க. 55,000 கிட்ட சீசன் கார்டுலயே போயிரும், தெற்கு ஸ்டாண்டு பெரும்பாலும் அதுலதான் போகும், மெம்பரானா முன்னுரிமை உண்டு. ப்ளாக்குல வாங்காதீங்க, கண்டுபிடிச்சா க்ளப் டிக்கெட்ட செல்லாமப் பண்ணிரும், வாசல்ல நிக்கணும். நின்னு பாக்குற டிக்கெட் விலைய குறைவாத்தான் வெச்சிருக்காங்க, ஜெர்மனில க்ளப்போட ஓட்டுல பாதிக்கு மேல மெம்பர்கள் கைலதான் இருக்கணும்னு ரூல் இருக்குறதால இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. மேட்ச் டிக்கெட் இருந்தா அன்னிக்கு அந்த ஏரியா லோக்கல் ட்ரெயினுக்குத் தனியா டிக்கெட் வேண்டாம். பெரிய பை எடுத்துட்டுப் போகாதீங்க. நீலம் வேண்டாம்னு தனியா சொல்லணுமா?

இன்னொண்ணு, இது நான் லேட்டா புரிஞ்சுக்கிட்டது. சுவர்ல நின்னா சுவர் தெரியாது. உங்களுக்கு அத பாக்கணும்னா கிழக்குப் பக்கமோ மேற்குப் பக்கமோ சீட்டு எடுங்க, மேட்சும் தெரியும், சுவரும் தெரியும். உங்க ஃப்ரெண்டும் வாய மூடிக்குவாரு.

17 ஏப்ரல், காலை 6.30

சாம்பியன்ஸ் லீக்ல டார்ட்மண்ட் அட்லெடிகோவ 4-2! செமி ஃபைனல்! கலீக் மெசேஜ் போட்டான்: "அப்பா கேக்குறாரு, நீ எங்க இருக்க?" என் ஊர்லதான்னேன். "நல்லது, அங்கயே இரு"ன்னு பதில்.

8 மே, காலை 7.05

பிஎஸ்ஜிய ரெண்டு மேட்ச்லயும் 1-0. வெம்ப்ளில ஃபைனல், எதிர்ல ரியல் மாட்ரிட்டா பேயர்னான்னு இன்னிக்கு ராத்திரி தெரிஞ்சுரும்.

கேள்வி கேட்டவர் ஆக்ஸ்பர்க் மேட்ச் போயிட்டு வந்து "5-1 ப்ரோ, ஆறு கோல் பாத்தேன், எல்லாமே தெரிஞ்சுது"ன்னு போட்டிருக்காரு. சந்தோஷம். கொஞ்சம் வயித்தெரிச்சல். கிழக்குப் பக்க சீட்டுக்கு ஐடியா குடுத்தது நான்தான்னு மட்டும் பதிவு பண்ணிக்கிறேன்.

19 மே, இரவு 10.15

நேத்து டார்ட்மண்ட் ஆட்டக்காரர் மார்கோ ராய்ஸுக்கு அங்க கடைசி மேட்ச், ஃப்ரீ கிக்ல கோல் போட்டாரு, ஸ்டேடியம் முழுக்க அவர் செலவுல பீர். பெரியவர் முட்டி சரியாகி அவர் கம்பிக்குப் பின்னாடி நிக்கிறாரு, கலீக் ஃபோட்டோ அனுப்பிருந்தான். பக்கத்துல அந்தம்மா. ஃபோட்டோ எடுத்ததுக்கு அவன் எத்தன திட்டு வாங்குனானோ.

2 ஜூன், காலை 9.40

0-2. ஃபைனல்ல எதிர்ல ரியல் மாட்ரிட், முதல் பாதில டார்ட்மண்டுக்கு எத்தன சான்ஸு, அடெயெமி கோல்கீப்பர தாண்டியும் கோட்டவிட்டாரு, ஃபுல்க்ருக் அடிச்சது போஸ்ட்ல பட்டுச்சு. 74ல கார்வஹால், 83ல வினிசியுஸ். முடிஞ்சுது.

காலைல முதல் வேலையா நானே மெசேஜ் போட்டேன், இந்தத் தடவ என் மேல பழி போட முடியாது, நான் வெம்ப்ளி பக்கமே போகல, பயத்துல டிவிகூட போடாம ஸ்கோர் மட்டும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்னு.

அரை மணி நேரம் கழிச்சு பதில் வந்துச்சு. "அப்பாகிட்ட சொன்னேன். டிவி போடலையா, ஓ, அதனாலதான்னு சொல்றாரு."